சேவலா, பெட்டையா?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குச் சென்று, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவையின் மலையாகவும் சங்கப் பாடல்களின் வழியே அதனை அறிந்தவர்களுக்கு, அடிவாரத்துச் சமவெளியில் முதலில் கண்ணில் படுபவை கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள்தாம். கூண்டுகளில் உள்ளவை அனைத்தும் வெள்ளை, அனைத்தும் பெட்டை. மேலே, மலையாளிப் பழங்குடியினரின் வீட்டு முற்றங்களிலோ ஒரு கோழியைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. கருப்பும் செவலையும் சாம்பலும் புள்ளியுமாக, சேவலும் பெட்டையும் குஞ்சும் ஒரே குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. இறங்கி வரும்போது எழும் கேள்வி எளியது. சமவெளியின் சேவல்கள் எங்கே போயின?

நம் மரபு கோழியை நிறத்தால் அறிந்த மரபு. சேவற்கட்டுக்காரர்கள் சேவல்களைக் காகம், வல்லூறு, கீரி, மயில் என்று இறகின் நிறங்கொண்டு பிரித்து, எந்த நிறம் வளர்பிறையில் வெல்லும், எது தேய்பிறையில் வெல்லும் என்று கணக்கிட்டார்கள். நேர்ந்துவிடும் சேவலின் நிறத்தையும் தெய்வமே முடிவு செய்தது. குப்பைக்கோழிகளின் சண்டையை உவமையாக்கியதாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர் பெற்ற புலவர் ஒருவர் குறுந்தொகையில் இருக்கிறார். ஆனால் குஞ்சு பொரித்த அன்றே அது ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தை நம்மிடம் இல்லை. கூர்முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்பார்கள் பாட்டிகள். அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக எழுதிவைத்தார். இரண்டும் தவறு. கொண்டை சிவந்து கூவத் தொடங்கும்வரை காத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. சேவலுக்கும் அந்த முற்றத்தில் வேலை இருந்தது.

காத்திருக்க முடியாத காலம் முதல் உலகப்போரில் வந்தது. பிரிட்டனில் தீவனத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவற்குஞ்சுக்கு ஏன் தீனி போடவேண்டும் என்ற கேள்வி. கேம்பிரிட்ஜின் மரபியலாளர் ரெஜினால்டு பன்னெட் அப்போது சொன்ன வழி, இறகின் நிறத்தைக்கொண்டே பாலைப் பிரிப்பது. பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக்குஞ்சு தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்துதான் பெறுகிறது. பொன்னிறம், வெள்ளிநிறம், பட்டைக்கோடு ஆகியவற்றுக்கான மரபணுக்கள் அந்த இசட்டில் அமர்ந்திருக்கின்றன. பொன்னிறச் சேவலையும் வெள்ளிநிறப் பெட்டையையும் இணைத்தால் மகள்கள் பொன்னிறம், மகன்கள் வெள்ளிநிறம். ‘தாயைப் போல பிள்ளை’ என்ற பழமொழி கோழிக்கூட்டில் செல்லாது.

இந்த வித்தை ஒரு தலைமுறைக்கே பலிக்கும். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் இணைத்தால் கணக்கு கலைந்துவிடும். தலைமுறைதோறும் பால் தெரியும் இனமொன்று வேண்டும் என்று பன்னெட்டும் மைக்கேல் பீஸும் முயன்று, 1920களின் இறுதியில் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார்கள். பட்டைக்கோட்டு மரபணு சேவலுக்கு இரண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்கு. ஆகவே ஆண்குஞ்சின் தூவி வெளிறியிருக்கும். அழகான கண்டுபிடிப்பு. வணிகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காரணம் வெள்ளை லெகார்ன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இந்த இனம் குறைவாகத் தின்று நிறைய முட்டையிடும். இதன் வெள்ளை நிறமின்மை அன்று; மற்ற நிறங்களை மூடும் திரை. அடியில் பட்டைக்கோடே இருந்தாலும் வெளியே தெரியாது. நிறம் பேசாத இடத்தில் கை பேசவேண்டியதாயிற்று. குஞ்சின் கழிவாயைப் பிதுக்கி உள்ளிருக்கும் நுண்ணிய புடைப்பைக்கொண்டு பாலறியும் முறையை மசூயி, ஹாஷிமோட்டோ முதலிய ஜப்பானிய அறிஞர்கள் 1920களில் வகுத்தார்கள். பயிற்சி பெற்றவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகள் வரை பிரிப்பார். பின்னர் இன்னும் எளிய வழி கிடைத்தது. இறகு மெதுவாக வளரச் செய்யும் மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. அதனைத் தாய்வழியில் வைத்து இனக்கலப்புச் செய்தால், பொரித்த நாளிலேயே பெட்டையின் சிறகில் முதல்வரிசை இறகுகள் நீண்டும், சேவலின் சிறகில் குட்டையாகவும் இருக்கும். சிறகை விரித்துப் பார்த்தால் போதும்.

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டையும் சேர்ந்தது. அந்த முட்டையால் பசியாறிய பள்ளிப்பிள்ளைகளை மறந்துவிட்டுப் பண்ணைகளைப் பழிப்பது நேர்மையாகாது. எனினும் ஒவ்வொரு பெட்டைக்கும் இணையாக ஒரு சேவல் பொரிக்கிறது. அது முட்டையிடாது, கறிக்கென வளர்க்கும் பிராய்லரைப்போல் கொழுக்கவும் செய்யாது. சிறகை விரித்த விரல்களைத் தாண்டி அது கொட்டகைக்கு வருவதில்லை. பெரும்பாலும் அன்றே கொல்லப்படுகிறது. 2003இல் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, கோயில்களில் கோழி பலியிடுவதைத் தடுத்தது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அன்று நடந்த விவாதமெல்லாம் பலிபீடத்தைப் பற்றியது. முற்றத்தில் ஓராண்டு கூவித் திரிந்து பலியாகும் செஞ்சேவலுக்காக வாதிட்டவர்கள், ஒருநாள் வயதில் மடியும் வெள்ளைச் சேவலைக் கண்டதாகத் தெரியவில்லை.

2022 சனவரி முதல் ஜெர்மனி ஆண்குஞ்சுகளைக் கொல்வதைத் தடைசெய்திருக்கிறது. அங்கே அடைகாக்கும் முட்டையின் மீது ஒளி பாய்ச்சி, பதின்மூன்றாம் நாளளவில் ஓட்டுக்குள் முளைக்கும் இறகின் நிறத்தைக் கருவிகொண்டு படிக்கிறார்கள். பன்னெட்டின் பொன்னும் வெள்ளியுமே மீண்டும் வந்திருக்கின்றன. ஆனால் இம்முறை பழுப்பு முட்டையிடும் இனங்களுக்கே பொருந்தும். நாமக்கல்லின் வெள்ளைக்கோழியிடம் அந்த ஒளி படிப்பதற்கு ஒன்றுமில்லை.

கொல்லப்படாமல் தப்பிய சேவற்குஞ்சுகள் சிலவற்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேர்த்திருவிழாவிலும் சந்தையிலும் கூடையில் வைத்து விற்ற கலர் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் அவைதாம். என் பால்யத்தில் இளஞ்சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் வாங்கிவந்தோம். பச்சை மறுநாள் செத்தது. சிவப்பு பத்து நாள் பிழைத்திருந்தது. சாயம் ஏறிய தூவி உதிர்ந்து, சிறகின் ஓரத்தில் வெள்ளை இறகுகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. சேவலா பெட்டையா என்று நான் கேட்டதற்குப் பாட்டி, கொண்டை வரட்டும், பார்க்கலாம் என்றாள்.