மண்டாடியைக் கேட்ட துரை

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஏர்வாடி தாண்டியதும், சீமைக் கருவேலமும் பனையுமாக வறண்டு கிடக்கும் பூமியில் சாயல்குடி வரும். ஜன்னல் வழியே பார்த்தால், 'இங்கே என்ன இருக்கு?' என்றுதான் தோன்றும். இருப்பதெல்லாம் தெற்கே, தண்ணீருக்குள்!

வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர் என்று கரையோரம் நடந்தால் எதிரே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசை கட்டிய 21 தீவுகளில் நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் இந்தப் பக்கம்தான். பெயரைக் கேட்டாலே, வைத்தவர்கள் யாரென்று ஊகித்துவிடலாம். தாகத்தோடு படகில் போனவர்கள்தான் தீவுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள்!

கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு இங்கே 'பார்' என்று பெயர். ஒரு காலத்தில் அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி விளைந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசாங்கத்தின் சொத்து. ஆனால், எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது துரைமார்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மண்டாடிகள் இருந்தார்கள். பரம்பரையாகப் படகுக்கு வழிகாட்டியவர்கள். அவர்கள் இடத்தைக் காட்ட, குளியாளிகள் மூழ்கிச் சிப்பி எடுத்து வருவார்கள். அதிலிருந்து கிடைத்த முத்துக்களை மதிப்புப் போட்டுப் பார்த்த பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல் கட்டி'க்குக்கூட அரசாங்கம் சம்பளம் கொடுத்தது!

பின்னாளில் மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல் இந்த மனிதர்களோடு கடலில் அலைந்தவர். முத்துக்குளிப்பு பற்றியும் சங்கு பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆதாரமாகப் பேசப்படுகின்றன.

இதை வைத்து, 'ஆஹா, அந்தக் காலத்தில் மக்களைக் கேட்டுத்தான் செய்தார்கள்' என்று புல்லரித்துவிட வேண்டாம். துரை கேட்டது, 'முத்து எங்கே இருக்கிறது?' என்று மட்டும்தான். 'எடுக்கலாமா, உனக்கு எவ்வளவு?' என்று முடிவு செய்கிற இடத்தில் மண்டாடிக்கு நாற்காலி இல்லை. அறிவு வேண்டும், ஆள் வேண்டாம். இந்தப் பழக்கம் துரைமார்களோடு கப்பலேறிப் போகவில்லை என்பதுதான் சங்கடம்.

1986-ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆனால், கோடு போட்டபோது, தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் கணக்கில் வரவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பவர்கள் அவர்கள். தலைமுறையாகப் போன இடம் திடீரென்று தடை செய்யப்பட்ட இடமானது. மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது என்று அந்தப் பெண்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. நம் ஊர் அறிவுக்கு வெளியூர் முத்திரை!

அடுத்து சேது சமுத்திரம். 1860-ல் கமாண்டர் டெய்லர் போட்ட திட்டம், தூசி தட்டப்பட்டுத் தட்டப்பட்டு 2004-ல் உயிர் பெற்றது. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய். சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்தது நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனம். மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது 1997 முதல் சட்டம். எனவே, ஆறு கடலோர மாவட்டங்களில் கூட்டம் போட்டார்கள். மீனவர்களின் கேள்விகள் எளிமையானவை. தோண்டுகிற சேற்றை எங்கே கொட்டுவீங்க? கப்பல் போனா எங்க வலை என்னாகும்? பார் மேல மண்ணு படிஞ்சா மீன் எங்கே தங்கும்?

இடையிலேயே, 2004 டிசம்பர் 26-ல், சுனாமி வந்தது. கடல் தன் பங்குக்குக் கருத்துச் சொன்ன மாதிரி! ஆனாலும், மூன்றே மாதத்தில் அனுமதி கிடைத்தது. 2005 ஜூலை 2-ம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அது தடைப்பட்டது. அந்த வழக்கில் நாடே பேசியது ராமர் பாலத்தைப் பற்றி. வலையைப் பற்றிய கேள்வி பின்வரிசைக்குப் போய்விட்டது.

அதே 2004-ல்தான், பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் கோலாலம்பூரில் கூடி ஒரு வழிகாட்டியை ஏற்றன. தொல்குடிகளின் நிலத்திலும் நீரிலும் எதைச் செய்தாலும், அதன் பாதிப்பை அவர்களோடு சேர்ந்துதான் மதிப்பிட வேண்டும் என்பது சாரம். அதன் பெயர் 'அக்வே கோன்'. மோஹாக் மொழியில் 'படைப்பில் உள்ள அனைத்தும்' என்று அர்த்தம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கனடாவில் மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் போட நினைத்தார்கள். நீதிபதி தாமஸ் பெர்கர் மக்களைத் தலைநகருக்குக் கூப்பிடவில்லை. தானே 35 ஊர்களுக்குப் போய், ஏறத்தாழ ஆயிரம் பேரின் சாட்சியத்தை அவரவர் மொழியிலேயே கேட்டார். பத்து வருஷம் பொறுங்கள் என்று 1977-ல் அறிக்கை கொடுத்தார். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகளைக் கேட்டபோது, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன.

நம் கரைக்கு வருவோம். 2020 ஜனவரியில் விதி மாறியது. எண்ணெய், எரிவாயு தேடும் பணிகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்றானது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் சோதனைக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி-க்கு மாநில ஆணையம் அனுமதி கொடுத்தது. ஊர்க்காரர்கள் பலருக்கு விஷயம் தெரிந்தது செய்தி வெளியான பிறகுதான். எதிர்ப்புக் கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது. முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்தக் கூத்து எதற்கு?

கிணறு வேண்டுமா, கால்வாய் வேண்டுமா என்பது வேறு விவாதம். நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும், தண்ணி கலங்கினால் பாசி எடுக்கிற பெண்ணின் கண்ணும் தோலும் என்ன பாடுபடும் என்பதெல்லாம் சில மாத ஆய்வில் முழுசாகச் சிக்காது. வருஷம் பூரா அந்தத் தண்ணிக்குள் நிற்பவர்களுக்குத் தெரியும்.

துரை மண்டாடியைத் தேடிப் போனது முத்துக்காக. லாபத்துக்குத் தேவைப்பட்ட அந்தக் கேள்வி, உயிருக்கும் பிழைப்புக்கும் தேவைப்படாதா என்ன?