காஞ்சிபுரத்து மாணவர்கள் கல்லூரிக்குப் போன கதை

காஞ்சிபுரத்துக்குப் படிக்க வந்த இடத்தில் ஒரு குதிரைக்காரனோடு சண்டை போட்டு, அந்தக் கோபத்தில் ஓர் அரச வம்சத்தையே தொடங்கிய மாணவன் ஒருவன் உண்டு. பெயர் மயூரசர்மன். காலம் கி.பி. 4-ம் நூற்றாண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுண்டா என்ற ஊரில் உள்ள கல்தூண் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. அவன் தன் குரு வீரசர்மனோடு பல்லவர் தலைநகருக்கு வந்து கடிகையில் சேர்கிறான். கடிகை என்பது அந்தக் காலத்து உயர்கல்வி நிலையம், இன்றைய பல்கலைக்கழகம் மாதிரி. அங்கே பல்லவர்களின் குதிரைக்காரன் ஒருவனோடு தகராறு வருகிறது. (கல்வெட்டில் உள்ள வடமொழிச் சொல்லுக்குக் குதிரை வீரன், குதிரைக் காவலன், அசுவமேத யாகம் தொடர்பானது என்று அறிஞர்கள் பலவிதமாகப் பொருள் சொல்கிறார்கள்.) அவமானப்பட்ட மாணவன் ஓலைச்சுவடியை வைத்துவிட்டு வாளை எடுக்கிறான். ஸ்ரீபர்வதக் காடுகளில் இருந்துகொண்டு பல்லவர்களுக்குத் தொல்லை கொடுத்து, கடைசியில் பனவாசியில் கதம்ப அரசை நிறுவுகிறான்.

நடந்து வந்த மாணவனுக்கும் வாகனத்தில் வந்தவனுக்கும் கல்லூரி வாசலில் நடந்த முதல் தகராறு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

தாளகுண்டாவிலிருந்து காஞ்சிபுரம் நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 500 கிலோமீட்டர். கி.பி. 640 வாக்கில் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் வந்தபோதும் காஞ்சி பெரிய கல்வி நகரம்தான். அப்போது படிப்புக்காகப் பயணம் செய்வது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. வந்து சேர்ந்துவிட்டால் குருவோடு அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். தினமும் வீட்டிலிருந்து போய்வந்து படிப்பது என்பது பின்னால் வந்த ஏற்பாடு. போக்குவரத்துப் பிரச்சினையும் அதோடுதான் வந்தது.

காஞ்சிபுரத்துக்கு ரயில் 1865-லேயே வந்துவிட்டது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு குறுகிய பாதை போட்டது. ஆனால் ரயில் வந்து எண்பது வருஷங்களுக்குப் பிறகுதான் ஊருக்குக் கல்லூரி வந்தது. பச்சையப்பன் கல்லூரி இங்கே தொடங்கியது 1947-ல். இடைப்பட்ட காலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் என்ன செய்தார்கள்? அறிஞர் அண்ணாவே நல்ல உதாரணம். 1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, உள்ளூர் பச்சையப்பன் பள்ளியில் படித்து, இடையில் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். பட்டப்படிப்புக்குச் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குத்தான் போகவேண்டி இருந்தது. எழுபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். சென்னையில் தங்க வழியில்லாத எத்தனை நெசவாளர் பிள்ளைகளின் படிப்பு பள்ளியோடு நின்றுபோயிருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

அடுத்து வந்தது சைக்கிள். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தன. அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ் சைக்கிள்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப்பெடல் அடித்துக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு சைக்கிள் நன்றாகவே பொருந்தியது. ஊர் சமதரை, தெருக்கள் நேரானவை, தூரங்கள் குறைவு. நெசவாளர் தெருக்களில் காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி வேலை நடக்கும்போது பெரிய வண்டி எதுவும் நுழைய முடியாது. சைக்கிள்காரன் மட்டும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். பெட்ரோல் செலவில்லை, புகையில்லை. வணிகவியல் பாஷையில் சொன்னால் நிலையான செலவு கொஞ்சம், மாறும் செலவு பங்க்சர் ஒட்டுவது மட்டும்!

ஆனால் இந்தக் கதையில் பாதிப்பேர் இல்லை. சைக்கிள் ரொம்ப காலத்துக்கு ஆண்பிள்ளை வண்டியாகவே இருந்தது. பெண் சைக்கிள் ஓட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும், கிண்டல் செய்யும். இதைப் பெரிய அளவில் உடைத்தது காஞ்சிபுரம் அல்ல, புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வயல் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்காகவும், கூட்டிக்கொண்டு போக அப்பாவுக்காகவும் புருஷனுக்காகவும் காத்திருப்பது போயிற்று என்பதுதான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த லாபம்.

பத்து வருஷம் கழித்து அரசே இதைக் கையில் எடுத்தது. 2001-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியது. 2005-ல் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் 11-ம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிவானது. 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள் பீகாரைப் பார்க்கலாம். அங்கே 2006-ல் 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு: உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் விகிதம் 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். ஆக, பல பெண்களைப் படிக்கவிடாமல் தடுத்தது விருப்பமின்மை அல்ல, வெறும் மூன்று நான்கு கிலோமீட்டர் தூரம்.

பசுமை வளாகம் என்று பேசும்போது எல்லோரும் உடனே காட்டுவது சென்னை ஐ.ஐ.டி.யைத்தான். 1959-ல் தொடங்கிய அந்த வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டி, சுமார் 250 ஹெக்டேர். மான்கள் சாலையைக் கடக்கும். மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, சைக்கிளும் வளாகப் பேருந்தும்தான். அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலானவர்கள் விடுதியில் இருப்பவர்கள். கடிகை மாதிரி! வந்து சேர்ந்தால் அங்கேயே இருப்பார்கள். காஞ்சிபுரத்தில் நிலைமை வேறு. ஊருக்கு வெளியே ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பச்சையப்பன் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து தினமும் வருபவர்கள் ஏராளம். இவர்களுக்குக் கல்லூரி கேட்டுக்கு உள்ளே எப்படிப் போவது என்பது பிரச்சினையே இல்லை. கேட் வரைக்கும் எப்படி வருவது என்பதுதான் பிரச்சினை. வளாகத்துக்குள் நான்கு பேட்டரி கார் விட்டு, வாசலில் பைக் ஸ்டாண்டு நிரம்பி வழிந்தால் அது என்ன பசுமை?

பஸ்தான் இவர்களுக்கு உண்மையான வாகனம். காலை எட்டு மணிக்கு வரும் பஸ் நிறைந்து போனால் பையன்கள் படிக்கட்டில் தொங்குவார்கள், பெண்கள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். அடுத்தது எப்போது வரும் என்பது தெரியாததால்தான் வீட்டில் கடன் வாங்கியாவது பைக் எடுக்கிறார்கள். தறியில் வரும் கூலியில் மாதத் தவணை கட்டுவது எந்த நெசவாளர் வீட்டுக்கும் லேசான காரியம் அல்ல. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கல்லூரி மாணவிக்கு அது பாஸ் புதுப்பிக்கும் அலைச்சலையும் சேர்த்துக் குறைத்தது. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்றாகிவிட்டது. இனி வேண்டியது முதல் வகுப்பு மணி அடிப்பதற்கு முன்னால் கிராமத்துக்கு வந்து சேரும் இன்னொரு பஸ்.