இலைக்கு அனுமதி, பூவுக்குச் சிறையா?



கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கக் கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் என்ன கேட்டாரு? "வெள்ளைக்காரனே தடை போடல, நீங்க ஏன் போடுறீங்க?"ன்னு கேட்டாரு. (சிரிப்பு) நல்ல கேள்வி. வரலாற்றைப் பார்ப்போம்.

1893-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கஞ்சாவால் ஜனங்களுக்கு என்ன கேடு என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1193 சாட்சிகள்! 1894-ல் அறிக்கை வந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் 'காரணம் கஞ்சா' என்று இருந்ததில் பலவும் சரியாக விசாரிக்காமல் எழுதியவை என்று கண்டார்கள். அளவோடு இருந்தால் பெரிய கேடில்லை, மீறினால் கேடு. தடை வேண்டாம், வரி போட்டு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றார்கள்.

அளவு, அளவுங்கிறீங்களே, யாருய்யா அளக்குறது? படியா, மரக்காலா? (கைதட்டல்)

1961-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 1985-ல் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் வந்தது. பூவும் பிசினும் குற்றம். தனி இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. அதனால்தான் வடக்கே ஹோலிக்குப் பாங்கு ஓடுது. ஒரே செடி, இலைக்கு அனுமதி, பூவுக்குச் சிறை! எதிரணி சிரித்தது நியாயம்தான்.

உருகுவே 2013-லும் கனடா 2018-லும் அனுமதித்தனவாம். அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நம்ம கதையைப் பாருங்க. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தார். 1971-ல் விலக்கைத் தளர்த்தினார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கட்டுப்படுத்தத்தான் வந்தது, வருமானமாகி உட்கார்ந்துவிட்டது! எங்க கரிசல் பூமியில தீப்பெட்டி ஒட்டுற தாயோட கூலி எந்தக் கடையில போய்ச் சேருதுன்னு இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். (பலத்த கைதட்டல்) கல்லாவில் காசு விழ ஆரம்பிச்ச பிறகு, கடையை மூடச் சொல்லி அரசாங்கத்துக்கு யார் சொல்றது?

அதுக்காக, புகைச்ச பிள்ளையைச் சிறையில் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சட்டம் திறந்து வைத்த வாசல் அது. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மானம் போகுமேன்னு மறைச்சு மறைச்சே பிள்ளையை இழக்கிறோம்.

விக்கிறவனுக்குச் சிறை, விழுந்தவனுக்கு வைத்தியம். புதுக் கடை வேண்டாம், நடுவர் அவர்களே!