ஆந்தை என்னும் ஆட்பெயர்: மகன் பெயரால் தந்தையை வழங்கும் மரபு

மக்கட்பெயர்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் சொற்பொருளையே முதற்கண் நாடுவர். கொற்றன் என்பது கொற்றம் என்பதன் அடியாகப் பிறந்தது எனக் காட்டியதும் ஆராய்ச்சி முற்றியதாகக் கருதுவாரும் உளர். ஆயின், பெயர் ஒருவனைச் சுட்டுவதோடு அமைவதன்று. அவன் யாருக்கு மகன், யாருக்குத் தந்தை என்னும் முறையினையும் அது சுட்டக்கூடும். அம்முறையை அறியாவிடின் சொற்பொருளும் பிழைபடும். கோப்பெருஞ்சோழனின் நண்பராகிய பிசிராந்தையார் பெயரே இதற்குத் தக்க சான்றாகும். பிசிர் என்பது பாண்டிநாட்டு ஊர். ஆந்தை என்பதைப் பறவைப் பெயராகக் கொள்ளக் கற்போர் மனம் எளிதிற் செல்லும். இலக்கணம் காட்டும் வழி வேறு.

தொல்காப்பியப் புள்ளிமயங்கியல், இயற்பெயர்முன் தந்தை என்னும் முறைப்பெயர் வருங்கால் நிகழும் திரிபுகளை விதந்து கூறுகின்றது. சாத்தன் முன் தந்தை வரின் சாத்தந்தை என்றும், கொற்றன் முன் வரின் கொற்றந்தை என்றும் ஆகும். ஆதன், பூதன் என்னும் இரண்டும் மேலும் சுருங்கி ஆந்தை, பூந்தை என நிற்கும். இவற்றை அடுத்து, தந்தை பெயர்முன் மகன் பெயர் வரும் புணர்ச்சியும் கூறப்படுகின்றது. சாத்தங்கொற்றன், கொற்றங்கொற்றன் என்பன உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள்.

இவை ஏட்டளவில் நின்ற வடிவங்கள் அல்ல. புறநானூற்று 80 முதல் 82 வரையுள்ள பாடல்களைப் பாடியவர் சாத்தந்தையார். பரிபாடலின் இரண்டாம் பாடலைப் பாடியவர் கீரந்தையார். நற்றிணை 43-ஆம் பாடல் எயினந்தையார் பாடியது. புகழூர்த் தமிழ் பிராமிக் கல்வெட்டில் பிடந்தை என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆதன் என்னும் பெயரின் பெருவழக்கினைக் கொடுமணல், கீழடி ஆகிய இடங்களிற் கிடைத்த பானையோடுகள் காட்டும்.

இனி, சாத்தந்தை என்பது சாத்தனுடைய தந்தையா, சாத்தனாகிய தந்தையா என்னும் ஐயம் எழலாம். சாத்தங்கொற்றன் என்புழிச் சாத்தன் ஒருவன், அவன் மகன் கொற்றன் மற்றொருவன். அதனோடு இணைத்துக் கூறப்பட்ட சாத்தந்தை என்பதிலும் இருவரைக் கொள்ளுதலே முறை. எனவே, சாத்தனுக்குத் தந்தை என்பதே அதன் முதற்பொருள் எனத் துணியலாம்.

இம்மரபு தமிழர்க்கே உரியதன்று. அரபு மக்கள் இதனைக் குன்யா என்பர். அபூ என்பது தந்தையைக் குறிக்கும். நபிகள் நாயகத்தின் பெரிய தந்தையார் தாலிப் என்னும் மகன் பெயரால் அபூதாலிப் என வழங்கப்பெற்றார். நாயகமும் காசிம் என்னும் மகன் பெயரால் அபுல்காசிம் எனப்பட்டார். பாலித்தீவிலும் மகப்பேற்றின்பின் பெற்றோரை மகவின் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. மானிடவியலறிஞர் தைலர் 1889-இல் இவ்வழக்கத்திற்குத் தனிக் குறியீடு படைத்தார்.

ஆயினும் ஈண்டு ஒரு தடை உண்டு. தொகைநூல்களில் எயினந்தை மகன் இளங்கீரனார் என ஒரு புலவர் காணப்படுகின்றார். எயினனுக்குத் தந்தையாயினான் மகன் எயினன் அல்லனோ? எயினன் என்னும் வேறு மகன் இருந்தனன் எனலாம். அன்றி, முறை குறித்த வடிவம் நாளடைவில் இயற்பெயராகவே இறுகிற்று எனலுமாம். பின்னதற்கு அரபு வழக்கு துணைசெய்கின்றது. அபூஹுரைரா என்பது பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும். ஆண்டு மகன் எவனும் சுட்டப்படவில்லை. ஆகலின், பெயரின் பிறப்புப் பொருள் வேறு, அது வழங்கிய காலத்துப் பொருள் வேறு என்பது பெறப்படும். கல்வெட்டிலோ புலவர் வரிசையிலோ அந்தை என முடியும் பெயரைக் கண்ட அளவில், அதனையே சான்றாகக் கொண்டு குடிவழி வரைதல் பொருந்தாது. மகன் எனத் தெளிவாகப் பொறித்த இடத்தே மட்டும் உறவினைத் துணிதல் வேண்டும்.

தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் சாத்தங்கொற்றன் முறையே இன்றைய தலைப்பெழுத்து வழக்கிலும் காணப்படுகின்றது. குடிப்பெயர் கேட்கும் அயல்நாட்டுப் படிவங்களில் தந்தை பெயர் குடிப்பெயராக எழுதப்பட, மகனைத் தந்தை பெயரால் விளிக்கும் நிலை நேர்கின்றது. இன்றைய பதிவேடுகளை நாளை ஆராய்வாரும், ஆந்தையைப் பறவையெனக் கொள்ளும் பிழையை ஒத்த பிழைக்கு ஆளாகாதிருத்தல் வேண்டும். அதற்குப் பெயரின் சொற்பொருளோடு அதன் முறைப்பொருளையும் ஆராய்தல் இன்றியமையாதது.