கோடாலிக் காம்பும் ஒரு காப்பி மெஷினும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, வீட்டுக் கோடாலிக்கு நானே ஒரு புதுக் காம்பு போட்டேன். கடையில் வாங்கினது. வழவழன்னு, பாலிஷ் எல்லாம் அடிச்சு, பார்க்க அவ்வளவு அழகு. நாலாவது கட்டையைப் பிளக்கும்போது காம்பு சாய்வாக முறிந்து, இரும்புத் தலை சித்தப்பா காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. அவர் திட்டவே இல்லை. முறிந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “ரேகை குறுக்க ஓடுது பாருடா”ன்னு மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரிதான் இந்த எபிசோடு.

மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நாருக்குக் குறுக்கே உடைப்பது கஷ்டம். நாரோடு சேர்ந்து பிளப்பது சுலபம். விறகு பிளக்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச விஷயம். காம்பின் ரேகை நுனி முதல் அடி வரை ஓடாமல் நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு விரிசல் வரைந்து வைத்த மாதிரி.

இது ரொம்பப் பழைய அறிவு. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதர் 5,000 வருஷத்துக்கு முந்தையவர். அவருடைய கோடாலிக் காம்பு சுமார் 60 செ.மீ., யூ மரம். தண்டிலிருந்து கிளை பிரியும் முட்டி இருக்கிறதே, அந்த இடமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். கிளையின் நுனியைப் பிளவுபடுத்தி, செம்புத் தகட்டைச் செருகி, தோல் வாரால் கட்டி, பிர்ச் மரத் தாரால் ஒட்டியிருக்கிறார்கள். வளைவை மரமே வளர்த்துக் கொடுத்துவிட்டது. நார் எங்கேயும் அறுபடவில்லை.

இப்போ அமெரிக்காவுக்கு வருவோம். ஐரோப்பாவிலிருந்து குடியேறினவர்கள் ஊரில் ஆஷ் மரக் காம்பு பிடித்தவர்கள். இங்கே ஹிக்கரி கிடைத்தது. அடியை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும், அதே சமயம் உறுதியான மரம். கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்படித்துப் பிளந்து, கத்தியால் சீவிக் காம்பாக்கினார்கள். பிளவு நாரோடுதான் போகும், அதனால் காம்பும் நாரோடுதான் இருக்கும்.

1819-இல் மாசசூசெட்ஸ்காரர் தாமஸ் பிளாஞ்சர்ட் ஒரு லேத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு மாதிரிக் கட்டை சுற்றும்; ஒரு சக்கரம் அதைத் தடவிக்கொண்டே போகும்; பக்கத்தில் வெட்டும் சக்கரம் அதே வடிவத்தை இன்னொரு கட்டையில் செதுக்கும். அச்சு அசல் காப்பி! முதலில் துப்பாக்கிக் கட்டைகளுக்கு. பிறகு செருப்பு அச்சு, கோடாலிக் காம்பு எல்லாத்துக்கும். வளைந்த காம்பைக்கூட ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி எடுக்கலாம். எனக்கு இந்த மெஷின் ரொம்பப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். ஆனா அது வடிவத்தை மட்டும்தான் படிக்கும், ரேகையைப் படிக்காது. ரம்பத்தில் நேர்கோட்டில் அறுத்த கட்டையைக் கொடுத்தால், நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அதே அழகான காம்பு வெளியே வரும்.

அப்புறம் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளை ஹிக்கரிதான் உசத்தி, சிவப்பு மட்டம் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்க வனத்துறை சோதித்துப் பார்த்தபோது, ஒரே எடையில் இரண்டும் சமபலம்தான். நல்ல மரத்தைச் சும்மாவே ஒதுக்கியிருக்கிறார்கள்.

ரெண்டாவது காம்பை நான் கடையில் அரை மணி நேரம் நின்று பொறுக்கினேன். ரேகை நீளவாக்கில் விடாமல் ஓடணும். நுனியைத் திருப்பிப் பார்த்தால் வளையக் கோடுகள் முன்னிருந்து பின்னாக, வெட்டுவாய் பார்க்கும் திசையிலேயே போகணும். பாலிஷ் அடித்த காம்பில் இது சரியாகத் தெரியாது, அதனால் பாலிஷ் போடாததையே எடுத்தேன்.

மாட்டும்போது தலையைத் தரையில் வைத்து இடிக்கக் கூடாதாம். காம்பைச் செங்குத்தாக, தலை கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அடிப்பக்கத்தில் மரச் சுத்தியலால் தட்டணும். கனமான இரும்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், காம்பு அதற்குள் இறங்கிவிடும். பள்ளிக்கூட நியூட்டன்தான். ஒவ்வொரு தட்டுக்கும் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் காம்பில் ஏறுவதைப் பார்க்க மாயாஜாலம் மாதிரி இருந்தது. கடைசியில் நுனியில் அறுத்து வைத்த பிளவில் மர ஆப்பை இறக்கி, துருத்திய மிச்சத்தை அறுத்தேன்.

காம்பு இதுவரைக்கும் நிற்கிறது. சித்தப்பா மட்டும் நான் விறகு பிளக்கும்போது இன்னும் பத்தடி தள்ளித்தான் நிற்கிறார்.