வாரம் ஒரு பென்னி

கல்முனையில் வெஸ்லி என்றால் பாடசாலைதான். பாண்டிருப்பிலிருந்து அது கூப்பிடு தூரம். அப்பெயருக்குரிய ஜோன் வெஸ்லி (1703 - 1791) பற்றி எம்மவரிடம் கேட்டால், மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்தவர் என்பதற்கு மேல் பதில் வருவது அரிது. மனிதரின் அன்றாட வாழ்வைத் தூய்மைப்படுத்த அவர் வகுத்த ஒழுங்கு ஒரு கடன் தொல்லையிலிருந்து பிறந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அவருடைய சபையார் கட்டிய மண்டபத்துக்குக் கடன் இருந்தது. 1742 பெப்ரவரி 15 அன்று கூடி ஆராய்ந்தபோது, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்ற யோசனை எழுந்தது. ஏழைகள் என்செய்வர்? மிக வறிய பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடுமாறும், அவர்களால் இயலாததைத் தானே இடுவதாகவும் கப்டன் ஃபோய் என்பவர் முன்வந்தார். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றனர்.

காசு சேர்க்க வீடு வீடாகச் சென்றவர்கள் வேறு செய்திகளோடு திரும்பினர். ஒருவர் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் குடிபோதையில் இருந்தார். தாம் தேடிய வழி இதுவே என வெஸ்லி கண்டுகொண்டார். ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட 'வகுப்பு'கள் அமைந்தன. வாரந்தோறும் கூடி, தம் ஆன்ம நிலையை ஒவ்வொருவரும் கூறவேண்டும். ஒழுங்காக நடப்போருக்கே காலாண்டுச் சீட்டுப் புதுப்பிக்கப்பட்டது.

1743 இல் வெளியிட்ட பொது விதிகளில் குடி, வட்டி, தீர்வை செலுத்தாத பண்டங்களை வாங்கி விற்றல் ஆகியவற்றை அவர் விலக்கினார். வாங்கும்போதும் விற்கும்போதும் வார்த்தைகளைப் பெருக்குவதும் கூடாது! கல்முனைச் சந்தையில் இவ்விதியை அமுல்படுத்தினால் பாதிக் கடைகளைப் பூட்டவேண்டியதுதான்.

அவ்வாண்டு மார்ச்சில் நியூகாசில் சபையிலிருந்து 64 பேர் நீக்கப்பட்டதை வெஸ்லி தம் நாட்குறிப்பில் கணக்கிட்டு எழுதியுள்ளார். குடிக்காக 17 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர். மிகப் பெருந்தொகையினரான 29 பேர் நீக்கப்பட்டதோ விளையாட்டுத்தனத்துக்காகவும் அசிரத்தைக்காகவும். பெரும் பாவத்தைவிட அசட்டையே சமூகத்தை அரிக்கும் என்று அவர் கருதினார் போலும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்கு விரதமிருப்போரையும், அயலில் மருதமுனையில் ரமழான் நோன்பு நோற்போரையும் கண்டு வளர்ந்த எமக்கு, பக்தியும் கட்டுப்பாடும் பிணைந்தவை என்பது புதிதல்ல. வெஸ்லியின் ஒழுங்கு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. ஆண்டின் எல்லா வாரமும் கணக்குக் காட்டவேண்டும். அதுதான் கடினம்.

இம்மரபில் வளர்ந்தவரே வில்லியம் ஓல்ட். தலைமையேற்று வந்த தோமஸ் கோக் 1814 மே 3 இல் நடுக்கடலில் இறந்தார். ஓல்டின் மனைவியும் அப்பயணத்திலேயே மறைந்தார். ஜூன் 29 இல் காலியை அடைந்த குழுவிலிருந்து தனியராக மட்டக்களப்புக்கு வந்த ஓல்ட், 1815 ஏப்ரல் 1 இல் காலமானார். இங்கு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதங்களே. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 ஆகவே கணக்கிடுகிறது.

விழா மேடைகளில் அவரது கல்விப்பணியைப் போற்றுகிறோம், தகும். ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடம் ஒரு வாயில். உள்ளே இருந்த அறை தூய வாழ்வு. 1960, 61 இல் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது வாயில் கைமாறியது. அறையின் திறப்பு இன்னும் சபையாரிடமே இருக்கிறது. வாரத்துக்கொருமுறையாவது அதைத் திறக்கிறார்களா என்று கேட்க, வெளியில் நிற்கும் பத்திரிகைக்காரனான எனக்கு உரிமையில்லை. ஆவல் மட்டும் உண்டு.