பீதரின் ஒற்றை மினாரா

மருதானை ஸாஹிரா 1892இல் ஒரு மதரஸாவாகத்தான் தொடங்கியது என்று சொன்னால், 'அப்படியா?' என்று கேட்கிற ஆட்கள் எங்கட வட்டத்திலேயே இருக்கினம். 2019க்குப் பிறகு கொழும்பில் அந்தச் சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். அந்த நினைப்போடுதான், ஹைதராபாத் போனபோது பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் பீதர் நகரத்துக்கும் போனோம். அங்கே 1472இல் கட்டிய ஒரு மதரஸா இருக்கு.

இந்தியாவில் இப்படி இன்னொன்றைப் பார்ப்பது கஷ்டம். சமர்கந்தில் இருக்கவேண்டிய கட்டடம் வழிதவறித் தக்காணத்துக்கு வந்தது மாதிரி! மூன்று மாடி. நடுவே பெரிய சதுர முற்றம், சுற்றிவர வளைவு வளைவாக அறைகள். மாணவர்களுக்கு 36, ஆசிரியர்களுக்கு 6. பள்ளிவாசலும் 3,000 நூல்கள் கொண்ட நூலகமும் உள்ளேயே. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். முகப்பு முழுக்க நீலம், மஞ்சள், வெள்ளை டைல்ஸ். மினாராவில் அவை நெளிநெளியாகச் சுற்றி ஏறும். பாதிக்கு மேல் உதிர்ந்துபோச்சு, மிச்சம் இருக்கிறதே கண்ணைப் பறிக்குது.

கட்டியவர் மஹ்மூத் கவான். ஈரானின் கீலானிலிருந்து வியாபாரியாக வந்து, பாமினி சுல்தானின் பிரதம மந்திரியானவர். தன் ஊர்ப்பக்கத்துக் கட்டடக்கலையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் அரசவையில் உள்ளூர்ப் பிரபுக்களுக்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் தீராப் பகை. எங்கட ஊர்ப் பாஷையில் சொன்னால், அவர் 'வந்தான் வரத்தான்'. 1481இல் அவருடைய முத்திரையை வெற்றுத்தாளில் பதிப்பித்து, ஒரிசா அரசனைப் படையெடுத்து வரச்சொல்லி அவரே எழுதியதுபோல் ஒரு கடிதம் தயாரித்தார்கள். சுல்தான் விசாரிக்கவும் இல்லை. எழுபது வயது தாண்டிய மனுசனின் தலை போனது. கடிதம் பொய் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருசமே சுல்தானும் இறந்தார்.

கட்டடத்தின் முறை பிறகு வந்தது. 1657இல் ஔரங்கசீப் பீதரைப் பிடித்தபின் மொகலாயப் படை அறைகளில் குடியேறியது, வெடிமருந்தையும் அங்கேயே குவித்தது. பள்ளிக்கூடத்தில் ஆமி இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லைதானே. 1696இல் மின்னல் விழுந்து வெடித்ததில் முகப்பின் தென்பாதி, ஒரு மினாரா, வாசல் எல்லாம் போச்சு.

நாங்கள் உள்ளே போனது அந்த வாசல் இருந்த வெறுமை வழியாகத்தான்.